எண்ணெய்ப் பிசுக்கு

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பேப்பரைச் சித்தெ மடிச்சு வெச்சுக்கறீங்களா? இல்லீங்க, எனக்குப் படிக்கறதுக்குக் கேக்கல. அந்த மூணாம் பக்கத்துப் படம் எம்பட மூஞ்சிக்கு நேரா ஆடிட்டே வருது. பாக்கப் பாக்கக் கொமட்டுதுங்க. பஸ்ஸுல ஏறினா வாந்தி எடுக்கற ஆளு இல்லீங்க நானு. அந்தப் படம்தான்.

அதுல கேஸ் சிலிண்டரு ஒசரத்துக்கு வட்டமா மூணு நிக்குது பாருங்க, அதுதான் ரோபோ. கையுங் கெடையாது காலுங் கெடையாது. பின்னால கோட்டுப் போட்டுட்டுச் சிரிக்கறாரே, அவரு எங்க டாக்டரு விஸ்வேஸ்வரன். ஊசி போடற டாக்டரு இல்லீங்க, படிச்ச டாக்டரு. ஓரத்துல பாதி வழுக்கை மட்டும் தெரியுதுங்களா? அது நானு. பேரு நாச்சிமுத்து. எங்க ஆராய்ச்சிக்கூடத்துப் பேரு வேண்டாமுங்க, மலையோரமா இருக்குதுன்னு வெச்சுக்குங்க.

என்ன எழுதிருக்கான்? 'நட்சத்திர ஒளியைப் பிடித்த ரோபோக்கள்'. சீ. அதுல நட்சத்திரமும் இல்ல, புடிக்கவும் இல்ல. நீங்க மடிச்சு வெச்சதே நல்லதுங்க.

கேக்கறீங்க, சொல்றனுங்க. வானத்துல நொம்பத் தொலைவுல இருக்கறதை நல்லாப் பாக்கோணும்னா கண்ணாடி பெருசா வேணுமாம். ஒரு ஊரு அகலத்துக்குக் கண்ணாடி ராக்கெட்டுல போகுமுங்களா? போகாது. அதனால சின்னச் சின்னதா மூணு மேல போயி, தள்ளித் தள்ளி நின்னு, ஒண்ணாச் சேந்து ஒரே பெரிய கண்ணாடியாட்டம் வேலை செய்யோணும். ஓரத்துல நிக்கற ரெண்டும் வெளிச்சத்தைப் புடிச்சு நடுவுல நிக்கறதுக்கு அனுப்பும். ரெண்டு வெளிச்சமும் சரிசமமாத் தூரம் வந்து சேந்துச்சுன்னா அங்க பட்டை பட்டையாக் கோடு விழும். ஒண்ணு துளி முந்துனாலும் விழாது. துளின்னா நம்மூருத் துளி இல்லீங்க. உங்க தலைமுடியைக் குறுக்கால நூறாக் கிழிச்சா அதுல ஒண்ணு.

மேல அனுப்பறதுக்கு முன்னால கீழ ஓட்டிப் பாக்கோணுமல்லங்க. அதுக்குத்தான் எங்க ஹாலு. முப்பதடி நீளத்துக்குக் கல்லுத் தரை. ரோபோ அடியில இருந்து காத்து ஊதும். அந்தக் காத்து மேலயே மெதந்துட்டு நகரும். ஒரு விரல்ல தள்ளுனீங்கன்னா அந்த மூலைக்குப் போயி நிக்கும். ஹாலுக் கடைசியில ஒரு வெளக்கு. அதுதான் நட்சத்திரம்.

அந்தத் தரை, அந்தக் காத்து, அந்த வெளக்கு, அல்லாமே எம்பட பொறுப்பு. கண்ணாடி தொடைக்கறதும் நானே. கணபதிங்கற ஊருல பம்ப்பு கம்பெனியில, மட்டம் பாக்கற கல்லுத் தட்டு இழைச்சுட்டு இருந்த ஆளுங்க நானு. கையை வெச்சுத் தடவுனாலே மேடு எங்க பள்ளம் எங்கன்னு சொல்லிப்போடுவேன். அப்பிடித்தான் என்னைக் கூட்டியாந்தாங்க.

ஆனா உள்ள வந்து பாத்தா, படிச்சவிய பண்ற அசிங்கம் இருக்குதே, சொல்லி மாளாதுங்க. ஒருத்தன் தலைக்கு எண்ணெ வெச்சுட்டு அப்பிடியே கண்ணாடி மேல குனிவான். ஒருத்தன் நெகத்தைக் கடிச்சு அந்தக் கல்லுத் தரையிலயே துப்புவான். நெகம் ஒண்ணு காத்துக்கு அடியில போச்சுன்னா ரோபோ நொண்டுமுங்க! இன்னொருத்தன் சாக்ஸு, அதை நானு என்னன்னு சொல்றது, ஆறு நாளு ஒரே சாக்ஸு. டாக்டரு இருக்காரே, அவரு மீசைக்குச் சாயம் பூசிட்டு வருவாரு. வேர்த்தா அது கரையும். கறுப்பா வழிஞ்சு நிக்கும். அந்தச் சொட்டு எங்க விழுகும்னு நானு பின்னாலயே டிஸ்யூ வெச்சுட்டு அலைவேன். சொன்னாச் சிரிப்பாரு. 'நாச்சிமுத்து, உங்க வீட்டுல எப்பிடிங்க குடும்பம் நடத்தறாங்க?'ம்பாரு. எம்பட வீட்டுக்காரி எப்பிடி நடத்துனா இவருக்கென்னங்க?

சரி, அது கெடக்கட்டும். அந்த அம்மிணியைப் பத்திச் சொல்ல வந்தேன்.

பெனிட்டான்னு பேரு. நாகர்கோயில் பக்கம். மூணு வருசக் கான்ட்ராக்ட்டுல வந்த புள்ளை. அந்த ரோபோ மூணும் ஆளு தொடாம தாமாவே எடம் பாத்து நின்னு, தாமாவே பட்டையைக் கண்டுபுடிக்கோணும், அதுக்கு மூளை எழுதறதுதான் அதும்பட வேலை. மூணு வருசமும் அதே வேலைதானுங்க. பொழுதுக்கும் ஹால்லயே கெடக்கும். நல்ல புள்ளைதான். ஆனா செருப்பைக் கழட்டி வெக்கற எடத்துல வெக்காது. எத்தனை தரம் சொல்லிருப்பேன்! ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். அதைப் பாத்தாவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி பண்ணும்.

இப்ப ஒண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. அந்த வெளக்குக் கூண்டுல ரெண்டு வெளக்கு. ஒண்ணு சிவப்பு லேசர். இன்னொண்ணு வெள்ளை. லேசர் போட்டீங்கன்னா ரோபோ எங்க நின்னாலும் பட்டை விழும். அடி கணக்குல தள்ளி நின்னாலும் விழும். அது சும்மா கண்ணாடியைத் திருப்பி வெக்கறதுக்கு வெச்சிருக்கறது. நட்சத்திரத்து வெளிச்சம் லேசரு மாதிரி இருக்காது, வெள்ளை மாதிரித்தான் இருக்குமாம். வெள்ளை போட்டா, நான் சொன்னனே முடியில நூத்துல ஒண்ணு, அந்த எடத்துல நின்னாத்தான் விழும். அதனால பரிச்சைன்னா வெள்ளைதான். லேசர் போட்டுப் பட்டை காட்டறது, கோடு போட்ட நோட்டைக் காட்டி நாந்தான் கோடு போட்டேன்னு சொல்ற மாதிரி.

மேசை மேல அசையாம வெச்சு வெள்ளையில அந்தப் புள்ளை பட்டை பாத்திருக்குது. மெதக்கற ரோபோவுல ஒருக்காலும் வந்ததில்ல. கிட்டக் கிட்டப் போயிட்டு நழுவிரும். நானு பாத்ததெல்லாம் சிவப்புப் பட்டை மட்டுந்தான்.

மார்ச்சு மாசம் கமிட்டி வருதுன்னாங்க. அஞ்சு பேரு. அவிய சரின்னு சொன்னாத்தான் அடுத்த மூணு வருசம். ரிகர்சலு ஏழு தரம் ஓட்டுனாங்க, ஏழு தரமும் வெள்ளையில வெறும் வெளிச்சம். டாக்டரு என்னைய ரூமுக்குக் கூப்புட்டாரு. மேசை மேல எம்பட ஃபைலு. எனக்கு ஜூன்ல ரிட்டயர்டு. ரெண்டு வருசம் எக்ஸ்டென்சன் கேட்டிருந்தேன். அது வேற விசயமுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

'நாச்சிமுத்து, கமிட்டிக்குக் கால் மணி நேரந்தான் டைம். வெளக்கு உங்க பொறுப்பு. பெரிய ஸ்க்ரீனுல பட்டை தெரியோணும். பாத்துக்குங்க'ன்னாரு.

அந்தப் புள்ளைக்கு எப்பிடியோ வாடை அடிச்சிருச்சு. எங்கிட்ட வந்து, 'அண்ணே, வெள்ளையிலேயே ஓடட்டும். வராட்டா வரலைன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க மாத்தாண்டாம், என்னா?'ன்னு கேட்டுச்சு.

'நீ செருப்பை ஒழுங்கா வெய்யி மொதல்ல'ன்னேன்.

அது ஏதோ சொல்லிச்சுங்க, வெள்ளையில பட்டை விழுந்தா எப்பிடி இருக்கும்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிச்சு. நானு செருப்பையே பாத்துட்டு இருந்தேன்.

கமிட்டி வந்துச்சு. அடா அடா. உள்ள வர்றதுக்கு முன்னாலயே மெதுவடை குடுத்துட்டாங்க. தின்ன கையோட அஞ்சு பேரும் உள்ள வந்தாங்க. ஒருத்தரு கையைத் தொடைச்சது எதுலங்கறீங்க? எம்பட ஹாலுத் தெரச்சீலையில. கறுப்பு வெல்வெட்டுங்க அது! இன்னொரு பெரிய மனுசன் ரோபோ கிட்டப் போயி, 'இதுதானா?'ன்னு விரலை நீட்டிக் கண்ணாடியைச் சுட்டிக் காட்டறாரு. விரலு நுனியில எண்ணெ மினுங்குது. தொட்டாரா தொடலையான்னு நானு பாக்கறதுக்குள்ள டாக்டரு குறுக்க நின்னுட்டாரு.

ஓட்டுனாங்க. வெள்ளை வெளக்கு. நானு வெளக்குக் கூண்டுக்கிட்ட, கையளவுக்கு ஒரு சின்ன ஸ்க்ரீனு, அதைப் பாத்துட்டு நிக்கறேன். பெரிய ஸ்க்ரீனை டாக்டரு இன்னும் போடல, பட்டை வந்தாப் போடலாம்னு. ரெக்கார்டிங்கும் பெரிய ஸ்க்ரீனு போட்டாத்தான் ஓடும். அந்தப் புள்ளை முன்னால நின்னு கமிட்டிக்காரரு கேக்கற கேள்விக்குப் பதிலு சொல்லிட்டு இருக்குது, முதுகு எம்பக்கம். ரோபோ மூணும் அதுகபாட்டுக்கு நகருது, நிக்குது, நகருது. பத்து நிமிசம் ஆச்சு. பன்னண்டு ஆச்சு. ஒருத்தரு கொட்டாவி விடறாரு, வாயைக் கையில மூடக்கூட இல்ல. டாக்டரு என்னையப் பாத்தாரு. மீசை ஓரத்துல கறுப்பு எறங்கிருச்சு.

நானு ஸ்க்ரீனைப் பாத்தேன். பாத்தா, நடுவுல கலர் கலரா என்னமோ தெரியுது. நடுக்கோடு ஒண்ணு வெள்ளையா, ரெண்டு பக்கமும் மூணு மூணு கோடு, செவப்பும் நீலமுமா, போகப் போக மங்கலா. மழைக்கு ரோட்டுல வண்டி எண்ணெ சிந்துனா தண்ணி மேல கலர் பூக்குமல்லங்க, அப்பிடி. எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. தொட்டுட்டானே! வடை தின்ன கையில தொட்டே போட்டானே! இத்தனை வருசம் நானு ஒரு விரல் ரேகை விழுகாம வெச்சிருந்த கண்ணாடியில எண்ணெயைப் பூசிட்டானேன்னு. அந்த அசிங்கத்தை ஊரு பாக்கறதுக்கு முன்னால மறைக்கோணும்னு தோணுச்சுங்க. சத்தியமா அதுதான் தோணுச்சு. லேசருக்குத் திருப்பிப்போட்டேன்.

சிவப்புப் பட்டை வந்துச்சு. கொட்டை கொட்டையா, சிமெண்டு மூட்டை மேல கோடு போட்ட மாதிரி. டாக்டரு பெரிய ஸ்க்ரீனைப் போட்டாரு. அஞ்சு பேரும் கை தட்டுனாங்க. கொட்டாவி விட்டவருதான் நொம்ப நேரம் தட்டுனாரு.

அந்தப் புள்ளை திரும்பி ஸ்க்ரீனைப் பாத்துச்சு. அப்பறம் என்னையப் பாத்துச்சு.

கமிட்டியில ஒருத்தருக்குக்கூடத் தெரியலீங்க! அஞ்சு பேரும் பெரிய பெரிய படிப்பு. வெள்ளை வெளக்குல செவப்புப் பட்டை எப்பிடி வந்துச்சுன்னு ஒரு ஆளு கேக்கோணுமல்ல? கேக்கல. நேராச் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க. அன்னிக்கே பேப்பர்க்காரனும் வந்து படம் எடுத்துட்டுப் போனான். ரெண்டு மாசம் வெச்சிருந்து இன்னிக்குப் போட்டிருக்கான். மறுநாளே ரோபோ மூணையும் பொட்டியில கட்டி ஏதோ கண்காட்சிக்கு அனுப்பிப்போட்டாரு டாக்டரு. பள்ளிக்கூடத்துப் பசங்க தொட்டுப் பாக்கறதுக்கு. தொட்டுப் பாக்கறதுக்குங்க!

நாலு நாளு கழிச்சு அந்தப் புள்ளை எங்கிட்ட வந்துச்சு. கையில ஒரு கிராஃபு, ரோபோ தானா எழுதி வெக்கற வெளிச்சக் கணக்கு. 'அண்ணே, கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க மாத்துறதுக்கு முன்னால பதினோரு செகண்டு சிக்னலு ஏறி நிக்குது. அது பட்டையா இருக்கலாம், வேற வெளிச்சம் பட்டதாவும் இருக்கலாம். இத வெச்சு எனக்குச் சொல்லத் தெரியல. ஸ்க்ரீன் படம் ரெக்கார்டிங் இல்ல. சின்ன ஸ்க்ரீன் பாத்தது நீங்க ஒரு ஆளுதான். என்ன பாத்தியண்ணே?'

'எண்ணெ'ன்னேன். 'எவனோ கை வெச்சுட்டான். கலர் கலரா இருந்துச்சு.'

அது மூஞ்சியைப் பாக்கோணுமே நீங்க. 'கலராவா? அண்ணே, வெள்ளையில பட்டை விழுந்தாலும் கலராத்தான் விழும். கோடு கோடா இருந்துதா, திட்டுத் திட்டா இருந்துதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு கேக்குது.

அப்ப என்னமாச்சும் சொல்லோணுமல்லங்க. டாக்டரு அன்னிக்குத்தான் எம்பட ஃபைலை மேல அனுப்பறேன்னு சொல்லிருந்தாரு. நானு கோடுன்னு சொன்னா என்ன ஆகும்? மூணு வருசம் வராதது வந்துச்சு, வந்ததை அணைச்சது நாச்சிமுத்துன்னு ஆகும். ஹாலு முழுக்க அதையே பேசுவானுக. அந்த ஆறு நாளு சாக்ஸுக்காரன் பேசுவான். என்னையப் பாத்துச் சிரிப்பான்.

'திட்டுத் திட்டா இருந்துச்சு'ன்னேன்.

'கண்ணாடியத் தொடச்சுப் பாத்தியளா?'

'தொடச்சனே. எண்ணெப் பிசுக்குத்தான். தொடச்ச பேப்பர்ல மஞ்சளா வந்துச்சு.'

கிராஃபை நாலா மடிச்சுது. அப்பறம், 'அப்பம் சரிண்ணே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கண்ணாடி விசயத்துல ஒங்களுக்குத் தெரியாததா'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. செருப்பை அன்னிக்கு நேரா வெச்சிருந்துதுங்க.

அதுக்கு மேல அந்தப் புள்ளை பண்ணுன வேலையைக் கேளுங்க. ரிப்போர்ட்டுல எழுதிக் குடுக்குது: 'வெள்ளை ஒளியில் பட்டை கிடைக்கவில்லை. காட்டியது லேசர். பதினோரு செகண்டு சிக்னல், கண்ணாடியில் இருந்த எண்ணெய்.' எழுதி, கையெழுத்தும் போட்டு! தன்ற பரிச்சைக்குத் தானே முட்டை போடுவாங்களாங்க? டாக்டரு கத்துனது காரிடாரு பூராக் கேட்டுச்சு. கமிட்டி சரின்னு சொன்ன வேலை நடக்குது, ஆனா அந்தப் புள்ளைக்கு நீட்டிக்கல. முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் ஒரு பையைத் தூக்கிட்டுப் போச்சு. அதும்பட மூளைப் புரோகிராமை இப்ப சாக்ஸுக்காரன்தான் வெச்சிருக்கான். எண்ணெ ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இது வேலைக்காகாதுன்னு தூக்கி ஓரமாப் போட்டுட்டு, வேற எழுதறான். எனக்கு எக்ஸ்டென்சன் வந்துருச்சுங்க.

அல்லாத்தையும் நெனச்சாலே அருவருப்பா இருக்குதுங்க. அந்த டாக்டரு, அந்தக் கமிட்டி, அந்தப் பேப்பர்க்காரன். ஒரு ஆளாச்சும் சுத்தமா இருக்கோணுமல்ல?

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? தொடச்சனான்னா? தொடச்சனுங்க. அவிய சாப்பிடப் போனதுமே தொடச்சேன். அசிட்டோன் தொட்டு, புது லென்ஸ் பேப்பரு எடுத்து, ஒரே இழுப்பு. ஓரத்துக் கண்ணாடி ரெண்டும், நடுவுல இருந்ததும்.

பேப்பரு போன மாதிரியே வெளிய வந்துச்சுங்க. வெள்ளையா. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தேன். மறுபடி இழுத்தேன். ஒண்ணுமே இல்ல. அன்னிக்குக் காலையில நானே தொடச்ச கண்ணாடிதானுங்களே.

நேத்துக் கொரியர்ல ஒரு டப்பா வந்துச்சு. நாகர்கோயில்ல இருந்து. அந்தப் புள்ளை இப்ப அங்க ட்யூஷன் சென்டர்ல பாடம் எடுக்குதாம். அவிய அம்மா சுட்ட முந்திரிக்கொத்து, பாசிப்பயறும் வெல்லமும் போட்டு உருட்டறது. உள்ள ஒரு சீட்டு. 'எல்லாரும் மழுப்பினாங்க. நீங்க ஒரு ஆளுதான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க. மறக்க மாட்டேன் அண்ணே'ன்னு எழுதிருக்குது.

வீட்டுல வெச்சா எம்பட வீட்டுக்காரி, நல்லா இருக்குது, ஒண்ணு தின்னுங்கன்னு தட்டுல வெச்சு நீட்டிட்டே இருக்கறா. அதான் எடுத்துட்டு வந்துட்டேன். இந்தப் பையில இருக்குது பாருங்க. உங்க வீட்டுல கொழந்தைக இருக்குதுங்களா? கொண்டுபோயிக் குடுங்க. நல்ல பண்டமுங்க, சுத்தமாப் பண்ணிருக்காங்க. என்னாலதான் அதைக் கையில தொட முடியல.